பூநாரை பார்க்கப் போன பத்மாசினி

பத்மாசினியோடு ஒரே விடுதி அறையில் ஏழு வருடம் இருந்தவள் நான். அந்த ஏழு வருடத்தில் அவளுக்காக நான் சொன்ன பொய்களை அடுக்கினால் ஒரு புகையிலைக் கொட்டில் நிரம்பும். சனிக்கிழமை வந்தால் விடுதிப் பொறுப்பாளர் அம்மா என்னைத்தான் பிடிப்பார். "பத்மாசினி ரீச்சர் எங்கை?" தலையிடி, கோயில், தையற்காரி வீடு என்று நானும் ஏதாவது சொல்லி வைப்பேன். அவளோ அந்த நேரத்தில் பண்ணைக் கடற்கரையில், கொளுத்தும் வெயிலில், ஒரு கொக்கின் பின்னால் நடந்துகொண்டிருப்பாள்.

அவளுடைய ஊர் அளவெட்டி. நாதசுரம் ஊதாத தெரு இல்லாத ஊரில் பிறந்தும் அவளுக்குச் சங்கீதம் ஒரு துளிகூட ஏறவில்லை. கச்சேரிக்குக் கூட்டிப்போனால் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டு இருப்பாளாம். தாய் தகப்பன் ஒரே வருடத்தில் போய்விட, அண்ணன் கனகசபாபதிதான் படிப்பித்து ஆளாக்கினார். செவ்வாய்க் குற்றம் என்று வந்த சம்பந்தங்கள் எல்லாம் திரும்பிப் போயின. முப்பது வயது தாண்டியதும் வருவதும் நின்றது. அதற்கு முன்பே, இருபத்தேழு வயதில், பட்டினத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பூமிசாத்திரம் படிப்பிக்க வந்தபோதுதான் அவள் கடலை ஆற அமரப் பார்த்தாள். அன்று பிடித்த பித்து பிறகு இறங்கவேயில்லை.

யாழ்ப்பாணப் பட்டினத்தை அவள் நடந்து தீர்த்ததுபோல நில அளவைக்காரர்களும் நடந்திருக்கமாட்டார்கள். கோட்டை அகழியில் மீன்கொத்தி, பண்ணைச் சேற்றில் நண்டு, கரையூர் மீன்சந்தைக்கு மேலே செம்பருந்து என்று எல்லாவற்றையும் பார்த்து வந்து, நான் கேட்காமலே எனக்குச் சொல்லுவாள். தனியாகத்தான் போவாள். என்னைக் கூப்பிட்டதில்லை. "நீ கதைப்பாய், குணம். அதுகள் பறந்திடும்" என்பாள். கோபம் வரும், ஆனால் உண்மைதான்.

ஆனால் இந்த ஊர் ஒரு பெண்ணைத் தனியாக விடுமா? இந்த விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். "தனியவோ வந்தனீங்கள்? ஆரோடை வந்தனீங்கள்?" ஒவ்வொரு சந்திலும், ஒழுங்கைக்கு ஒழுங்கை இதே கேள்வி. கரையூரில் மீன் விற்கும் லூர்த்தம்மா, பாவம், நல்ல மனம் கொண்டவள். தனியாகப் போகும் பிள்ளைக்குத் துணை என்று சொல்லி, கூடையும் தலையுமாக ஒரு மைல் தூரம் கூடவே நடந்து, ஓயாமல் பேசி, அந்தக் கரையில் இருந்த அத்தனை பறவைகளையும் கலைத்துவிட்டாள். பண்ணைத் துறையில் அசையாமல் நின்றவளைச் சாக வந்தவள் என்று நினைத்து, ஒரு படகுக்காரர் தன் வேலையை விட்டுவிட்டுக் காவல் இருந்தார். அவர் சொன்ன கதைதான் கைமாறிக் கைமாறி அளவெட்டிக்குப் போனது.

கனகசபாபதி அண்ணை அடுத்த நாளே விடுதிக்கு வந்து நின்றார். சத்தம் போடும் மனிதர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"இன்னொரு கதை என்ரை காதிலை விழட்டும். விடுதியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. வீட்டிலை இருந்து பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸிலை போய் வா. அண்ணி துணைக்குக் கூட வருவா."

நான்கு வாரம் அவள் வெளியே போகவில்லை. ஐந்தாவது வாரம் லூர்த்தம்மா விடுதி வாசலில் வந்து, அரியாலைக் கரையோரம் பூநாரை இறங்கியிருக்கிறது என்று சொன்னாள். அந்த வருடம் மழை அதிகம். மற்ற வருடங்களில் எங்கோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போலத் தெரியும் பறவைகள் அந்த மாசியில் கரைக்கு அருகே வந்திருந்தன. "தண்ணி வத்துது பிள்ளை. நாளைக்கோ நாளண்டைக்கோ அதுகள் போயிடும்" என்று அவள் சொன்னதும் பத்மாசினியின் முகம் போன போக்கைப் பார்த்து நான் தலையில் கை வைத்தேன். "அண்ணை சொன்னதை நினைச்சுப் பார்" என்றேன். "அஞ்சு மணிக்கு முன்னம் வந்திடுவன்" என்று குடையை எடுத்தாள்.

அரியாலையில் பஸ்ஸால் இறங்கித் தெற்கே நடந்தவள் வழி தவறி ஒரு ஒழுங்கையில் போய் முட்டினாள். ஒழுங்கை முடிவில் ஒரு வீடு. பனையோலை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் வளவின் பின்பக்கம் கடல்நீரேரி, அதிலே இளஞ்சிவப்பாக அசைவு. அவள் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்த அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி செல்வநாயகி கண்டுவிட்டாள்.

இங்கேதான் நம்மூர் வழக்கம் ஒன்று குறுக்கே வந்து நின்றது. தை, மாசியில் சம்பந்தம் பேசத் தொடங்குவார்கள். அதற்கு முன் பெண்வீட்டார் ஒரு மூத்த பெண்ணை ஒருவருக்கும் சொல்லாமல் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் அனுப்புவார்கள். ஆட்டுக்குட்டியைத் தேடி வந்தேன், தண்ணீர் விடாய்க்கிறது என்று ஏதாவது சாட்டுச் சொல்லி நுழைந்து அவள் எல்லாம் பார்த்துக்கொண்டு போவாள். சாட்டு என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும். தெரியாததுபோல உபசரிப்பார்கள். செல்வநாயகியின் மகன் தியாகராசா, வயது முப்பத்தெட்டு, மலாயா உத்தியோகத்திலிருந்து லீவில் வந்து மூன்று வாரமாகப் பெண்வீட்டாரைக் காத்துக்கொண்டிருந்தார்.

"நான் பறவை பார்க்க வந்தனான்" என்றாள் பத்மாசினி.

செல்வநாயகி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். இப்படி ஒரு சாட்டை அவள் இதற்கு முன் கேட்டதில்லை. "ஓம் ஓம், பறவைதானே! பார்க்கலாம். முதலிலை உள்ளுக்கு வாருங்கோ."

பறவை என்று இவள் சொல்லச் சொல்ல அந்த அம்மாளுக்குச் சம்பந்தம் உறுதியாகிக்கொண்டே போனது. கோப்பி வந்தது. பயத்தம் பணியாரம் வந்தது. "எந்த ஊர்? அளவெட்டியோ? ஆரின்ரை ஆக்கள்?" என்று கேட்க, பொய் சொல்லத் தெரியாத இந்த மடைச்சி அண்ணனின் பெயரையும் சொல்லிவிட்டாள். மாட்டுக்கொட்டில் காட்டினார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கச் சொன்னார்கள். உவர் என்று எனக்குப் பிறகு சொன்னாள். மாப்பிள்ளையை முகத்துக்குப் பவுடர் போடவைத்து, சும்மா நடப்பதுபோல இரண்டு தரம் குறுக்கே நடக்கவிட்டார்கள். மூன்று மணியாகிவிட்டது. அடுப்படி யன்னலால் பார்த்தபோது பறவைகள் ஒவ்வொன்றாக ஆழப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தன.

"அம்மா, நான் உண்மையாப் பறவைதான் பார்க்க வந்தனான். அந்தப் பின்படலையைத் திறந்துவிடுங்கோ" என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

"அவசரப்படாதையுங்கோ. பொம்பிளைக்கு நீங்கள் தமக்கையோ? பிள்ளைக்கு என்ன வயசு? அதைச் சொல்லுங்கோ முதல்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. என்ன சொன்னால் தன்னை விடுவார்கள் என்பதும் விளங்கியது. சொன்னால் கிழமை முடிவதற்குள் அது அளவெட்டிக்குப் போய்விடும் என்பதும், அண்ணை சொன்னால் சொன்னதுதான் என்பதும் தெரிந்தேதான் இருந்தது. யன்னலை ஒருதரம் பார்த்தாள்.

"பொம்பிளை நான்தான். வயசு முப்பத்து நாலு. தனியத்தான் வந்தனான்."

பெண் தானே தனியாக மாப்பிள்ளை பார்க்க வந்ததை அந்த வீடு கண்டதில்லை. முப்பத்தெட்டு வயது மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செல்வநாயகி பணியாரத் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். "படலை திறந்துதான் கிடக்கு, பிள்ளை" என்றாள்.

அவள் கணுக்கால் அளவு சேற்றில் இறங்கி நின்றாள். நூறு கெஜ தூரத்தில் பூநாரைகள் தலையைக் கீழே கவிழ்த்துத் தண்ணீரைச் சலித்துக்கொண்டிருந்தன. நடக்கும்போது கால் எடுத்து வைக்கும் விதத்தில் ஒரு மரியாதை இருந்ததாம். பிறகு ஒன்று செட்டையை விரித்தது. உள்ளே இரத்தச் சிவப்பு. பின்னால் மற்றவை எல்லாம் எழும்பின. ஒரு மணி நேரம் அங்கே நின்றாள். செல்வநாயகி வீட்டார் வேலிக்கு அப்பால் நின்றார்களே தவிர, ஒருவரும் கிட்ட வரவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்கு ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

புதன்கிழமை அண்ணை வந்தார். பார்வையாளர் அறையில் அவர் கேட்டதை நான் கதவருகே நின்று கேட்டேன்.

"தன்ரை மாப்பிளையைத் தானே பார்க்க உன்ரை தங்கச்சி போனவள் எண்டு சந்தையிலை வைச்சுச் சொல்லுறாங்கள். நீ அப்பிடிச் சொன்னனியோ?"

"ஓம் அண்ணை, சொன்னனான்."

"ஏன்? பறவை பார்க்க வந்தனான் எண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாமே!"

எனக்கு அந்த மனிதரின் சால்வையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. பத்மாசினி ஒன்றும் பதறவில்லை.

"பத்துத் தரம் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை."

"ஆர் நம்புவினம்? நானே நம்பேல்லை. பெட்டியை அடுக்கு."

அவள் பெட்டியை முதல்நாளே அடுக்கி வைத்திருந்தாள். ஒரு பக்கத்துக் கைபிடியைத் தானே தூக்கி, மற்றதை அவர் தூக்கட்டும் என்று நின்றாள்.

"நீங்கள் நம்பவேண்டாம், அண்ணை" என்றாள். "நான் பார்த்திட்டன்."