வான் வருது

எனக்குச் சீராக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய புதிதில், குளத்துக் காவல்காரர் ஒருவரைத் தெரியும். ஒல்லியான மனிதர், தலையில் எப்போதும் ஈரத் துவாய்.

ஒரு மாரியில் குளக்கட்டின் கீழே, ஆற்றில் என் தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். நான் கரையில் துணி பிழிந்தேன். காவல்காரர் குளக்கட்டின் மேல் நின்று கத்தினார்: "வான் வருது, கெதியா ஏறுங்கோ!"

"வரட்டுங்க அண்ணே, ஏறி டவுனுக்கே போயிறலாம்!" என்று தங்கை சிரித்தாள்.

குளம் நிரம்பி வழியும் தண்ணீரை இங்கே வான் என்பார்கள். எங்களுக்கு வான் என்றால் வாகனம்தான். தண்ணீர் அவளைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு யாருமே அங்கே குளிப்பதில்லை. அவரோ வெறும் ஆற்றைப் பார்த்து, "தண்ணி வருது! தண்ணி!" என்று கத்துவார்.

"யாருக்குண்ணே கத்துறீங்க?" என்றேன்.

"அண்டைக்கு இப்பிடிச் சொல்லியிருக்கலாம், தங்கச்சி."

அங்கே போகிறவர்கள், பிறகு அங்கே வைத்த எச்சரிக்கைப் பலகையில் இப்போது 'வான்' என்றிருக்கிறதா, 'தண்ணி' என்றிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.