கடற்கரைக் கிணற்றில் கரிசல் மண்

பேய், பிசாசு, காத்து, கருப்பு என்று எவராவது என் முன்னால் ஆரம்பித்தால் இலையை எடுத்துக்கொண்டு எழுந்து போகச் சொல்லிவிடுவேன். என் கடையில் சாப்பிடுகிற எல்லோருக்கும் இது தெரியும். நான் பிறந்த நல்லேப்பிள்ளியில் உச்சி வேளையில் யாரும் ஒதுங்காத புளியமரத்தடிக்கு எட்டு வயதிலேயே தனியாகப் போய் மடி நிறையப் புளியம்பழம் பொறுக்கி வந்தவள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் கை கழுவிவிட்டு ரயிலுக்குப் போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நீங்கள்தானே கேட்டீர்கள். சித்தூர்ப் பக்கத்து ஆள், நம் பேச்சு பேசுகிறவர், ஒரு நாள் கடல் இரைச்சலுக்கே காதைப் பொத்திக்கொண்டு, எப்படித்தான் இந்த ஊரில் ஒண்டியாக இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டீர்கள். இரைச்சல் ஒரு வருடம்தான் ஐயா. அதற்குப் பிறகு கடல் கேட்காது. கேட்கிறதெல்லாம் மற்றதுதான்: தென்னை மட்டை விழுவது, யார் வீட்டிலோ அம்மி ஓடுவது, சுங்கச் சாவடித் துரையின் நாய் குரைப்பது. விடியுமுன் தோணிகள் போய்விடும், காலை ரயில் வந்து போகும், அதோடு ஊர் முடிந்தது. மத்தியானம் தெருவில் ஒரு காக்கை நடந்தால் அதன் நிழலோடு எண்ணிவிடலாம். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், தோசைக்கல் ஒரு நாள் எண்ணெய் காணாவிட்டால் துருப்பிடிக்கும், படுக்கையில் மணல், பல்லில் மணல். எனக்கு அது பிடித்திருந்தது. நான் யார், யார் பெண்டாட்டி, யார் தங்கச்சி என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை.

நான் இங்கே வந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது விளங்காது. என் தலைப்பிள்ளையைப் பிறந்த வீட்டில்தான் பெற்றேன். பத்து மாதம் இருந்தான். பேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டான். எங்கள் புஞ்சைக் காட்டின் வடக்கு மூலையில், கரிசலில், அவனைப் புதைத்தார்கள். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறும் அதில் ஒரு வெள்ளி மணியும் இருந்தன. மணியின் வளையம் தளர்ந்திருந்ததால் அதை நானே பல்லால் கடித்து நெருக்கியிருந்தேன், அந்தத் தழும்பு அதில் உண்டு. அதைக் கழற்றிவிட வேண்டும் என்றார்கள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். அப்படியே வைத்து மூடி, மேலே ஒரு கல்லை நட்டார்கள். அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து ஸ்டேஷன் பக்கம் இட்லிக் கடை போட்டார். மறு வருடம் காய்ச்சலில் அவரும் போனார். கடையை நான் மூடவில்லை.

அண்ணன் விடுவாரா. வருடத்துக்கு இரண்டு தரம் வந்து, முண்டச்சி ஒருத்தி ரயிலடியில் சோறு விற்பதா என்று தலையில் அடித்துக்கொள்வார். அண்ணிக்குக் கை கால் விழுந்து கிடந்த நேரம் அது. அவருக்குத் தங்கச்சியின் மேல் பாசம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் பாசத்துக்கு அடியில் ஒரு சமையல்காரியும் தேவைப்பட்டாள். கடைசியாக வந்தபோது என் வாயை அடைக்கிற மாதிரி ஒன்று கேட்டார்.

"ஏனம்மிணி, குடிக்கற தண்ணிக்கு அடுத்தவம் படலத் தட்டறே, இதுல என்ன ரோசம் உனக்கு?"

உண்மைதான். பக்கத்துத் துணிக்கடை ராவுத்தர் வீட்டுக் கிணற்றில்தான் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுகிறவர், ஒரு நாளும் முகம் கோணியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரில் வெந்த இட்லி எங்களுக்கு ஆகாது என்று சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நான் அண்ணனிடம் சொன்னேன், இந்தத் தை மாதத்துக்குள் என் சொந்தக் கிணற்றில் உங்களுக்குத் தண்ணீர் சேந்தித் தருகிறேன், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் பின்னால் வருகிறேன் என்று. சொன்னால் சொன்னதுதான், அவருக்கும் அது தெரியும்.

உள்ளூர்க் கிணறு வெட்டுகிறவர் ஒருவரைப் பிடித்தேன். கொல்லையில் ஒன்றரை ஆள் ஆழம் தோண்டினார், தண்ணீர் வந்தது, தேனாக இருந்தது. போதும், இனி ஒரு சாண்கூடப் போகக் கூடாது என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு மண்வெட்டியைக் கழுவ ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் பாறையை வெடி வைத்துப் பிளந்து பத்து ஆள் ஆழம் போவார்கள். ஒன்றரை ஆளுக்குப் பெயர் கிணறா, பன்றி படுக்கிற பள்ளமா என்று கேட்டேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரயில் பாதைக்கு மண் சுமக்க வந்திருந்த கிழக்கத்தி ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, இன்னும் இரண்டு ஆள் ஆழம் தோண்டி உறை இறக்கச் சொன்னேன்.

மறுநாள் சேந்தினால் உப்பு. கடல் தண்ணீரேதான். பருப்பு வேகவில்லை, காப்பி திரிந்தது. ராவுத்தர் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இங்க நல்ல வெள்ளம், குடிக்கற தண்ணி, உப்பு மேல மெதந்துக்கிட்டிருக்கும். அடியில குத்திட்டீங்களே. இனி மூடினாலும் தெளிய வருசமாகும்."

எங்கள் ஊர்ப் புத்தியை இங்கே கொண்டுவந்து காட்டியதற்கு எனக்குக் கிடைத்த கூலி அது. அந்தச் சமயம் பார்த்து அண்ணனின் கார்டு வந்தது: சனிக்கிழமை ரயிலில் வருகிறேன், சாமான்களைக் கட்டி வை. எனக்குப் பயம் வந்தது ஐயா. அந்த வீட்டில் அண்ணிக்குப் பீத்துணி கசக்கிக்கொண்டு, வாசலில் இறங்கினால் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு, சாகிற வரை இருக்க வேண்டுமே என்ற பயம். மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை.

புதன்கிழமை, எதற்கென்றே தெரியாமல், வாளியை விட்டேன். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தேன். வாளி தரை தட்டியபோது கையில் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. உறை சரிந்திருக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை இரண்டு முடிச்சு மிச்சம். எவனோ ராத்திரியில் குப்பை கொட்டி விளையாடுகிறான் என்று கோபம் வந்தது. கொல்லை மணலில் என் கால் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை என்பதை அப்போதும் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பெரிதாக எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை உச்சிப் பொழுது. ராவுத்தரும் அந்தத் தெரு ஆண்களும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் தூக்கம். நான் கிணற்றங்கரையில் துடைப்பக் கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். கடல் கேட்கவில்லை என்றேனே, அது பழக்கத்தால் கேட்காதது. அன்றைக்கு நிஜமாகவே கேட்கவில்லை. தென்னை ஓலை ஆடுகிறது, சத்தம் இல்லை. அப்புறம் கிணற்றுக்குள் 'சொத்' என்று ஒரு சத்தம். ஈர மண்ணைக் கூடையோடு கவிழ்த்தால் வருமே, அது. எட்டிப் பார்த்தேன். மேலே ஆள் இல்லை, மண் விழவும் இல்லை, தண்ணீர் மட்டும் வட்டம் வட்டமாக விரிந்தது. மறுபடி 'சொத்'. வெயிலில் நின்றுகொண்டிருக்கிறேன், முழு விழிப்போடு. என் குலதெய்வத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு நாழிகை அது நிற்கவில்லை.

நான் ஓடவில்லை. ஓடினால் எங்கே ஓடுவது, அண்ணன் வீட்டுக்கா? உறையைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்து கத்தினேன்.

"யார்ரா அவன்? போடறதுன்னா ஒழுங்கா நெரவிப் போடு. பாதியில உட்டுப்போட்டுப் போனீன்னா வந்து ஒதைப்பேன்."

சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக, சின்னச் சின்னக் கூடையாகப் போடுகிற மாதிரி.

அது ஓய்ந்து, கடல் திரும்பக் கேட்டபோது வாளியை விட்டேன். ஒன்றரை ஆள் ஆழத்தில் தரை. கலங்கிய தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தேன், உப்பில்லை. வாளியின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தேன். கரிசல். கன்னங்கரேலென்று, பிசுபிசுவென்று, கழுவினாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத எங்கள் காட்டு மண். இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் வெள்ளை மணல்தான் வரும், நீங்களே தோண்டிப் பாருங்கள். தொழுதுவிட்டு வந்த ராவுத்தரிடம் காட்டினேன். அவர் சித்தூர்ச் சந்தைகளில் துணி மூட்டையோடு அலைந்தவர். மண்ணைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது நம்ம கிழக்கு மண்ணில்லையா என்று மெதுவாகக் கேட்டார். ஒரு கிணற்றைத் தூர்க்கிற அளவுக்குக் கரிசலை இத்தனை மைலுக்கு அப்பாலிருந்து எந்த வண்டியில் கொண்டுவந்து, எப்போது கொட்டினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சனிக்கிழமை அண்ணன் வந்தார். பெட்டி கட்டாமல் இருப்பதைப் பார்த்தும் அப்படியே உட்கார்ந்துவிட்டார், முகம் பேயறைந்தது போல இருந்தது. கிணற்றில் சேந்தி ஒரு சொம்பு கொடுத்தேன். பாதி குடித்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அம்மிணி, செவ்வாக்கெழமை நா அந்த வடக்கு மூலைய உளுதுபோட்டேன். நீ வந்தா அந்தக் கல்லப் பாத்துப் பாத்து அளுவீன்னுதான், கல்லப் புடுங்கிப்போட்டேன். அடுத்த நாள்லிருந்து அந்த எடம் எறங்குது. நேத்து உச்சிக்கு மாட்டுக் கவுத்த உட்டு அளந்தேன். ரெண்டு ஆள் ஆளம், உருண்டையா, கெணறாட்டம். அள்ளுன மண்ணு ஒரு கூடை வெளிய இல்ல."

நான் இரண்டு ஆள் கூடுதலாகத் தோண்டியதைப் பற்றி அவருக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. பள்ளத்தின் அடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். ஒன்றுமே இல்லையா என்றேன். தலையை ஆட்டினார். அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சொம்பாலேயே அடித்திருப்பேன். பிறகு அவர் அழுதார், நானும் அழுதேன். சாயங்கால ரயிலில் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னை வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவே இல்லை.

ஊரில் பேசினார்கள். மந்திரவாதியைக் கூப்பிடு என்றார்கள், கிணற்றை மூடு என்றார்கள். என் பிள்ளைக்கு நான் செய்தது ஒன்றும் இல்லை, பத்து மாதம் பால் கொடுத்தேன், அவ்வளவுதான். மூடு என்று சொன்னவனைக் கடைக்கு வராதே என்று சொல்லிவிட்டேன். அவனே மறு வாரம் வந்து ஐந்து இட்லி சாப்பிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அந்த மாசிக் கடைசியில் வாளியில் ஒரு கயிறு வந்தது. கறுப்பு அரைஞாண், வெள்ளி மணியோடு. மணியில் என் பல் தழும்பு, நாக்கால் தொட்டே தெரிந்துகொண்டேன். ஐந்து வருடம் மண்ணில் கிடந்த கயிறு இற்றுப்போயிருக்க வேண்டும், அது நேற்றுக் கட்டியது மாதிரி இருந்தது. நான் அவனுக்குக் கட்டியது இரண்டு சாண், என் கையால் அளந்துதான் கட்டினேன். கைக்கு வந்ததை அளந்தேன், இரண்டரைச் சாண். உயிரோடு இருந்திருந்தால் அவனுக்கு அப்போது ஆறு நடந்திருக்கும். எடுத்து வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இடுப்பில் கட்டியதைக் கழற்றக் கூடாது என்று சண்டை போட்டவள் நான்தானே. கிணற்றிலேயே திரும்பப் போட்டேன்.

நீங்கள் குடித்தது அந்தத் தண்ணீர்தான், முகத்தைச் சுளிக்காதீர்கள், இந்தக் கரையில் இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. இந்த ஊரை விட்டு நான் எங்கே வருவது சொல்லுங்கள்.

போன ஆடியில் அது மறுபடியும் வாளியில் வந்தது. அளந்து பார்த்தேன், மூன்று சாண். மண்ணைக் கழுவி, உள்ளேயே போட்டுவிட்டேன்.