வாங்கோ, கதைப்பம்

சுசிலாவுக்கு எப்போதும் அடுத்த மாதம்தான். ஊரெல்லாம் ஜூன் மழையில் நனைந்துகொண்டிருக்கும்போது அவள் ஜூலையைச் சுவரில் குத்திக்கொண்டிருப்பாள். கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் ரயில் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நூலகம் அது. அங்கே அறிவிப்புப் பலகை அவளுடைய பொறுப்பு. மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பழைய தாள்களைக் கழற்றுவாள். குண்டூசிகளைக் கைப்பிடி உடைந்த ஒரு தேநீர்க் கோப்பைக்குள் போடுவாள். பிறகு, இன்னும் பிறக்காத நாட்களை ஒவ்வொன்றாகப் பலகையில் ஏற்றுவாள். திங்கள் பின்னல் வட்டம். செவ்வாய் பெரியவர்கள் கோப்பி குடித்துப் பேசும் காலை. வியாழன் கவுன்சில் படிவம் நிரப்ப உதவி. சனி காலை சின்னப் பிள்ளைகளுக்குக் கதை, பின்னேரம் சதுரங்கம்.

கண்ணாடிக்கு வெளியே பஸ் போகும்போது அதன் சிவப்பு மெல்ல உள்ளே வழுக்கி வந்து, பலகையில் திங்களிலிருந்து சனி வரை ஓடி, மறைந்துபோகும். புதன்கிழமையில் மட்டும் அந்தச் சிவப்பு கொஞ்சம் தங்கிப் போவதாக அவளுக்குத் தோன்றும். புதன்கிழமைக்கு எதுவும் இல்லை. அங்கே வெறும் தக்கைதான்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. பாரிஸுக்குப் பக்கத்தில் பதினாறு வருடம் யார் யாருடையவோ அலுவலகங்களைத் துடைத்தாள். பிறகு புருசனோடும் மகனோடும் கடலைத் தாண்டி இங்கே வந்தாள். புருசன் விடியுமுன் அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடைக்குப் போய்விடுவான். மகன் லீட்ஸில் படிக்கிறான். பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் வரும், தமிழ் இருக்கிறது. மூன்று மொழியிலும் அவள் அதிகம் சொல்லியிருப்பது ‘சரி’ என்ற ஒரு சொல்லைத்தான். எட்டு வருடமாக எல்லா நிகழ்ச்சிக்கும் கதிரை போட்டாள், எல்லா நிகழ்ச்சியும் முடிந்ததும் கதிரை மடித்தாள். ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.

புதன்கிழமை என்ற எண்ணம் அவளுக்குச் சச்சிதானந்தனால் வந்தது. அவர் ஜேர்மனியிலிருந்து வந்து, லண்டனில் இருபது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தினமும் பத்து மணிக்கு வந்து ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்காருவார். ஹீட்டர் அணைந்து கிடக்கும் கோடையிலும் அதே கதிரைதான். பேப்பர் பார்ப்பார். ஒரு புத்தகத்தை எடுத்துப்போய்ப் படிக்காமலே திருப்பிக்கொண்டு வருவார். புத்தகத்தை வாங்கும் இயந்திரம் ஆங்கிலத்தில் நன்றி சொல்லும். ஒரு நாள் சுசிலா அலுமாரிக்குப் பின்னால் நின்று கேட்டாள். அவர் அந்த இயந்திரத்துக்கு மறுமொழி சொன்னார்.

“ஓம், ஓம். பரவாயில்லை.”

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு மனிதன் ஒரு நாளில் பேசிய பேச்சு அவ்வளவுதானோ என்று நினைத்தாள். பிறகு, அன்று தான் பேசிய சொற்களை எண்ணிப் பார்த்தாள். அவரைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம்.

அந்த வாரமே நூலகப் பொறுப்பாளர் பியற்றிஸிடம் போய் நின்றாள். பியற்றிஸ் இங்கேயே பிறந்த பிள்ளை. தாய் தகப்பன் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். ஆங்கிலத்தில்தான் பேசுவாள். ‘ஆன்டி’ மட்டும் அதற்குள் ‘அன்ரி’ என்று தமிழாக மிதக்கும். புதன்கிழமை பதினொரு மணிக்கு, தமிழ் ஆட்கள் வந்திருந்து கதைக்க ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று சுசிலா கேட்டாள். எட்டு வருடத்தில் அவள் கேட்ட முதல் விசயம் அது. பியற்றிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இலையுதிர் காலத்து நிகழ்ச்சித் தாள் ஓகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பின்னேரம் அச்சுக்குப் போகிறது, அன்றைக்குப் புதன்கிழமை, காலையில் ஒரு தடவை நடத்திப் பாருங்கள், பத்துப் பேர் வந்தால் தாளில் ஒரு வரி தருகிறேன் என்றாள். வராவிட்டால் அடுத்த வருடம்தான் பேசலாம். அடுத்த வருடம் இந்தக் கட்டடம் இருக்குமோ என்பது கவுன்சிலுக்கே தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னாள்.

ஒரு வரி. சுசிலா அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். சோறு வடிக்கும்போது அந்த வரி பானைக்கு மேலே ஆவியாக நின்றது. பஸ்ஸில் போகும்போது கண்ணாடியில் மூச்சு விட்டு, அதில் விரலால் எழுதி, ஒருவரும் காணுமுன் அழித்தாள்.

அடுத்த நாள் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பலகையின் வெறும் தக்கையில் குத்தினாள்.

‘புதன் 11 மணி. வாங்கோ, கதைப்பம்.’

அந்தப் புதன்கிழமை மழை பெய்யவில்லை, விடவும் இல்லை. காற்றில் நீர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சுசிலா பன்னிரண்டு கதிரைகளை வட்டமாகப் போட்டாள். வட்டம் பெரிதாகத் தெரிந்தது, கொஞ்சம் இறுக்கினாள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் சச்சிதானந்தன் ஹீட்டர்க் கதிரையை விட்டு எழுந்து வந்து, கதவுக்குக் கிட்ட உள்ள கதிரையில், எந்த நேரமும் இறங்கிப் போகலாம் என்பது போல உட்கார்ந்தார். சந்தைப் பையோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். மூன்று பேர். மணி பதினொன்று. பியற்றிஸ் தன் அறைக் கதவைப் பாதி திறந்து வைத்துக் கணினியில் அந்தத் தாளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் கதவு தள்ளிக்கொண்டு திறந்தது. நனைந்த சப்பாத்துகளின் கீச்சுச் சத்தம். தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று பேர், அவர்களோடு ஐந்து பிள்ளைகள். முன்னால் வந்தவள் ரஞ்சனா. புருசன் வங்கி ஒன்றில் கணினி வேலை. அவளுடைய ஆறு வயது மகள் ஹம்சினி வட்டத்துக்கு நடுவே வந்து நின்று எல்லாக் கைகளையும் பார்த்தாள்.

“அப்பம் எங்க?” என்றாள்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. ரஞ்சனா சிரித்துக்கொண்டு விளக்கினாள். பிள்ளை ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டப் பழகுகிறாள். போன வாரம் பலகையில் ‘கதை’ என்று படித்தாள், மிச்சத்தை ‘அப்பம்’ என்று படித்துவிட்டாள். கதையும் அப்பமும் தருகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கிளப்பிவிட்டாள்.

“அப்பம் இல்லேன்னா பரவாயில்லைங்க. கதை யாரு சொல்லப் போறாங்க?”

சுசிலா பலகையைத் திரும்பிப் பார்த்தாள். கதைப்பம் என்றால் பேசுவோம் என்றுதான் அர்த்தம், கதை சொல்வதில்லை என்று வாய்வரை வந்தது. அவளுக்கு அந்தச் சொல் அப்படித்தான் பிறந்தது, அப்படித்தான் வளர்ந்தது. அது இன்னொருத்திக்கு வேறொன்றாகக் கேட்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் எட்டுப் பேர் எழுந்து போவார்கள். மூன்று பேர் மிஞ்சுவார்கள். அந்த வரி போய்விடும். பொய் சொல்லலாம் என்றால், அவளிடம் ஒரு கதையும் இல்லை.

அவள் உண்மையைச் சொன்னாள். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு, இது கதைக்கிறதுக்கு, எங்கட பக்கத்தில கதைக்கிறது எண்டால் பேசுறது என்று சொல்லி முடித்தாள்.

“அடடே,” என்றாள் ரஞ்சனா. பிள்ளைகளின் ஈரக் கோட்டுகளைப் பார்த்தாள். மற்ற இரண்டு பெண்களையும் பார்த்தாள். “அப்ப நாங்க கெளம்பட்டுமா?”

ஹம்சினி நகரவில்லை. பெரியவர்கள் குழம்பிப்போனதில் அவளுக்கு அக்கறை இல்லை. கதவோரம் இருந்த சச்சிதானந்தனிடம் போய், நீங்க என்ன பேசுவீங்க என்று கேட்டாள். அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

“நானோ? எனக்கு என்ன தெரியும், பிள்ளை. நான் பஸ் ஓடினனான்.” தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். “ஒருக்கா என்ர பஸ்ஸில நரி ஒண்டு ஏறினது.”

மூன்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு மற்ற இரண்டு பேரும். கோட்டுப் பொத்தானில் இருந்த ரஞ்சனாவின் கை அப்படியே நின்றது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றார் சச்சிதானந்தன். இல்ஃபோர்ட் ஸ்டேஷன் தரிப்பில் ஒரே ஒரு ஆள் இறங்கினார். நடுக் கதவு மூடுமுன் நரி ஏறிவிட்டது. அவர் அதைத் தன் சின்னத் திரையில் பார்த்தார். அது கீழே நிற்கவில்லை. படியேறி மேல்தட்டுக்குப் போய், முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வீதியைப் பார்த்துக்கொண்டு வந்தது.

“டிக்கெட்டுக்குக் கார்டு தட்டிச்சா?” என்றான் ஒரு பையன்.

“இல்லை. அதாலதான் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் என்னையெல்லோ பிடிப்பாங்கள்.”

சந்தைப் பைப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அவர் நிறுத்தாமல் போனார். இருபது வருடமாகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த குரல், முதலில் தடக்கித் தடக்கி, பிறகு சாலை பிடித்த வண்டி போல ஓடியது. செவன் கிங்ஸ் பார்க்கடியில் நரி தானாக இறங்கி வந்து, கதவு திறக்கும்வரை பொறுமையாக நின்று, இறங்கிப் போய்விட்டது.

“அப்புறம்? எங்க போச்சு?”

அவர் கைகளை விரித்தார். “எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் பஸ்ஸை எடுத்திட்டன். இறங்கினவை எங்க போகினம் எண்டு ட்ரைவருக்குத் தெரியாது.”

கதை அந்தரத்தில் நின்றது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரோ ஒரு தாய் பையின் ஜிப்பை இழுத்தாள்.

“இஞ்சதான் வந்தது,” என்றாள் சுசிலா.

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். எல்லா முகமும் திரும்பியது. வட்டத்தில் வெறுமையாக இருந்த கதிரை ஒன்றில் உட்கார்ந்தாள்.

காலையில் பின்கதவைத் திறக்க வரும்போது ஈரக் கால் அடையாளம் இருக்கும் என்று தொடங்கினாள். அது உண்மை. அதற்குப் பிறகு சொன்னது எதுவும் அவளுக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த நரி கண்ணாடிக்கு வெளியே நின்று பலகையை வாசிக்குமாம். திங்கள் பின்னல், அதுக்குப் பின்னத் தெரியாது. செவ்வாய் கோப்பி, அது கோப்பி குடிக்காது. சனிக்கிழமை சதுரங்கம், காய்களைக் கடிச்சுப் போடும் எண்டு பயம்.

“ஒவ்வொரு மாதமும் வந்து பார்க்கும். தனக்கு ஏதும் போட்டிருக்கோ எண்டு. ஒண்டும் இருக்காது. சரி எண்டு சொல்லிப்போட்டுப் போயிடும்.”

ஹம்சினி எழுந்தாள். அவள் பலகையைப் பார்த்தாள். வெள்ளைத் தாளைப் பார்த்தாள்.

“புதன்கிழமை இருக்கே,” என்றாள், நரியிடம் சொல்வது போல.

அன்று பிற்பகல் ஒரு மணிவரை ஒருவரும் போகவில்லை. ரஞ்சனா தன் ஊர் ரயிலில் ஆடு ஏறிய விசயத்தைச் சொன்னாள். சந்தைப் பைப் பெண்கள் அதை நம்ப மறுத்தார்கள். சொல்லுக்குச் சொல் இடறினார்கள். ஒருத்தி அழகை ‘வடிவு’ என்றாள், இன்னொருத்தி ‘அப்படின்னா?’ என்றாள், பதிலிலிருந்து வேறொரு கதை கிளம்பியது.

எல்லோரும் போன பிறகு பியற்றிஸ் கதவடியில் வந்து நின்றாள். பதினொரு பேர், நானே எண்ணினேன் என்றாள். ஆனால் அவள் முகம் தெளியவில்லை. நிகழ்ச்சித் தாளில் ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு, மறுபக்கம் பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்குக் கதை சனிக்கிழமை இருக்கிறது. பெரியவர்கள் பேசச் செவ்வாய்க்கிழமை இருக்கிறது. ஏற்கனவே இருப்பதை இரண்டாவது தடவை போட மேலே விடமாட்டார்கள்.

“இது எது, அன்ரி? ஒண்டைச் சொல்லுங்கோ,” என்றாள், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில்.

சுசிலா கதிரையை மடித்துக்கொண்டிருந்தாள். ‘சரி’ என்ற சொல் வழக்கம்போல நாக்கில் வந்து நின்றது. அதை அவள் விழுங்கினாள்.

“கதை எண்டு போடுங்கோ.”

“இங்கிலிஷில?”

“அதிலயும் கதை எண்டே போடுங்கோ. உங்கட இங்கிலிஷில அது ரெண்டு சொல், ரெண்டு பக்கம். எங்களுக்கு ஒண்டுதான். நரி ஏறினது கதையோ, பேச்சோ? நான் சொன்னது எது? எனக்குப் பிரிக்க ஏலாது, பியற்றிஸ்.”

பியற்றிஸ் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தினாள். பிறகு லேசாகச் சிரித்தாள். சின்ன வயதில் அம்மா ‘கதையாதை’ என்று அதட்டுவா, கதை சொல்ல வேண்டாம் என்கிறா என்று நினைத்து எத்தனை நாள் அழுதேன் தெரியுமா என்றாள். அறைக்குள் போனாள். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும், அதனால் புதன் நான்கு மணி. எட்டு வாரத்துக்கு மட்டும், பிறகு பார்க்கலாம். இரண்டு பக்கத்திலும் இடமில்லை என்பதால் அந்த வரியைத் தாள் மடியும் இடத்துக்குப் பக்கத்தில், குறுக்கே போட்டாள்.

கடைசி வெள்ளிக்கிழமை சுசிலா பழைய தாள்களைக் கழற்றினாள். கோப்பைக்குள் குண்டூசிகள் விழுந்தன. புதிய தாளைக் குத்தும்போது மடிப்பை விரலால் நீவிவிட்டாள். வெளியே ஒரு பஸ் போனது. அதன் சிவப்பு, செப்டெம்பரின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தது.

சச்சிதானந்தன் ஒரு புத்தகத்தை இயந்திரத்தில் வைத்தார். நரிப் படம் போட்ட பிள்ளைகளின் புத்தகம். இயந்திரம் நன்றி சொன்னது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பலகைப் பக்கம் திரும்பி நின்றார்.

“புதன் நாலு மணியெல்லோ, சுசிலா?”

“ஓம்,” என்றாள் அவள். “வேளைக்கு வாங்கோ. கதிரை போட ஆள் வேணும்.”