கிராங்கில் தூவிய திருநீறு

சாணைக்கல் இரும்பைத் தொடும் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. சூட்டைத் தணிக்க விடும், பால்போல் வெளுத்த எண்ணெய்த் தண்ணீர் கல்லின்மேல் சரியாக விழுந்துகொண்டிருந்தால் மழை பெய்வதுபோல் 'உஸ்ஸ்' என்று வரும், தண்ணீர் குறைந்தாலோ ஆழமாகக் கடிக்க விட்டாலோ பூனைச் சண்டைபோல் ஒரு கீச்சல் எழும். நாமக்கல்லில் எங்கள் வீட்டை ஒட்டியே, லாரி எஞ்சின்களுக்குள் சுழலும் கிராங்க் தண்டுகளைத் தேய்த்துத் தரும் பட்டறை இருந்தது. மெஷினை ஓட்டியது அம்மா, எஞ்சினைப் பூட்டுவது சித்தப்பா, அப்பா லாரிக்காரர்.

நான் நாலாவது முடித்த கோடையில் அப்பாவின் வண்டிக் கிராங்கே மெஷினில் ஏறியது. கேரளத்துக்கு முட்டை லோடு காத்திருந்தது. அந்த வெயிலில் முட்டை தாங்காது. அவசரத்தில் அம்மா கல்லைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ள, அந்நேரம் பார்த்துத் தண்ணீர்க் குழாயும் அடைத்துக்கொள்ள, அந்தக் கீச்சல் கேட்டது. நிறுத்திப் பார்த்தால், பளபளத்த இரும்பில் அடிபட்ட நகம்போல் ஒரு நீலத் திட்டு. சூட்டில் இரும்பு 'வெந்துபோச்சு' என்பார்கள் அதை; வெந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டிருக்கலாம்.

சித்தப்பா உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தார், நீலம் போய்விட்டது. "இப்பப் பாருங்க அண்ணி, மொகம் பாத்துப் பவுடரே போட்டுக்கலாம்!"

"மேல மினுங்குனா ஆச்சுங்களா தம்பி? உள்ள வெந்தது வெந்ததுதானுங்க," என்றாள் அம்மா.

"முட்டையெல்லாம் குஞ்சு பொரிக்கறதுக்குள்ள பூட்டுடா," என்றார் அப்பா.

மலைச்சாலையில், லோடோடு ஏறும்போது கிராங்க் ஒடிந்தால் என்னாகும் என்று லாரிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏஞ்சாமி, கை இப்பிடிச் சில்லுனு இருக்குது?" என்றார்.

எஞ்சினில் பூட்டுமுன் கிராங்குக்குத் திருநீறு பூசுவது எங்கள் பட்டறை வழக்கம். அம்மா திருநீற்றுத் தட்டோடு வந்ததும் சித்தப்பா கைகூப்பி நின்றார். அம்மாவோ நீலம் இருந்த இடத்தில் முதலில் மண்ணெண்ணெய் தடவி, சற்றுக் காத்திருந்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு, அதன்மேல் திருநீற்றைத் தூவினாள். வெள்ளையின் நடுவே தலைமுடி கனத்தில் ஒரு கருங்கோடு மெல்ல ஊறி வந்தது. விரிசலுக்குள் ஒளிந்திருந்த மண்ணெண்ணெய்தான் வெளியே கசிந்தது. அப்பா அப்படியே அருகில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். முட்டை வேறு வண்டியில் போயிற்று.

இப்போது பட்டறையில் இருப்பது மூடிய மெஷின்; தண்ணீர் நின்றால் தானே நின்றுவிடுகிறது. கீச்சலும் இல்லை, நீலத் திட்டும் இல்லை. நானும் மெக்கானிக்கல் படித்து, இரும்பின் வழவழப்பை ஊசிமுனையால் அளக்கிற வேலையில் இருக்கிறேன். ஊசி காட்டும் எண் எவ்வளவு நன்றாக வந்தாலும், உள்ளே வெந்திருக்கிறதா என்று அது சொல்வதில்லை. அப்பா நெற்றி நிறையத் திருநீறோடு வண்டியேறும்போதெல்லாம், பேச்சுக் கொடுத்தபடியே கிட்டப் போய், அந்த வெள்ளைக்குள் ஏதாவது கோடு ஊறி வருகிறதா என்று இன்னமும் பார்க்கிறேன்.