நான் கடலில், சின்னவன் கரையில்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதன் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். மறதியும் சேர்ந்துவிட்டது. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லியிருப்பேன், ஊர்ப் பெயர்களைக் குழப்பியிருப்பேன். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் எங்களுடையது. என் மகள் செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படித்து, மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் கம்பெனியே அவளை ஜெர்மனிக்கு அனுப்பியது. அங்கே அவள் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினாள். அதன் பக்கத்தில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காருகிற மாதிரி ஒரு தொட்டி பூட்டியிருந்தது.

“இது இன்னாத்துக்குடீ?” என்று போனில் கேட்டேன்.

“உன்ன வச்சி ஓட்டத்தான். வடக்க ஒரு எடம் கீதுமா, சூரியன் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது. லீவு சேத்து வச்சிக்கினே வரேன். வரியா இல்லியா?”

போனேன். விமானத்துக்கு எங்கள் குப்பத்தில் எந்தக் கட்டும் இல்லை. படகுக்குத்தான் உண்டு.

அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. கரையில் படகைத் தள்ளக் கை கொடுப்போம், மீனைப் பிரிப்போம், கூடையில் சுமந்து விற்போம். படகுக்குள் காலை வைக்க மாட்டோம். வைத்தால் கடலில் இருக்கிற ஆணுக்கு ஆகாது. என் தம்பியைக் கடல் கொண்டுபோன வாரம், சுற்றுலா வந்த ஒரு பெண் அவன் படகில் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிஜமோ பொய்யோ, அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. இப்போது கடலுக்குப் போகிறவன் என் சின்ன மகன். அவனும் அவன் மச்சானும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள்.

கடலைத் தாண்டிப் போகிறோம் என்று மகள் சொன்னபோது பாலம் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கக் கூச்சம். எதையும் கேட்காமல் இருப்பதே என் வழக்கம்.

தொட்டிக்குள் உட்கார்ந்த முதல் நாள் நன்றாக நினைவிருக்கிறது. புடவைக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை, தலையில் ஹெல்மெட், முந்தானையில் முடிந்த கங்கையம்மன் குங்குமம். சாலை என் இடுப்புக்குப் பக்கத்திலேயே ஓடியது. கை நீட்டினால் புல்லைத் தொடலாம். மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போன நாட்களில், வாடை அடிக்கிறதென்று கடைசி இருக்கைக்குத் தள்ளுவார்கள். இங்கே நான்தான் முன்னால். மஞ்சள் பூ வயல்கள் வந்துகொண்டே இருந்தன. கண்ணை மூடினால் சாலையின் சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது.

விழித்தபோது வண்டி வரிசையில் நின்றது. எதிரே ஒரு கப்பல் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. கார்கள் அதற்குள் போய்க்கொண்டிருந்தன.

“நான் ஏற மாட்டேன்,” என்றேன்.

“கப்பலுமா அது. டென்மார்க்குப் போவுது. இதோ ஏறி இதோ எறங்கிடலாம்.”

“உன் தம்பி கடல்ல கீறான்டீ.”

அவள் சிரிக்கப் போனாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். சின்னவன் கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். இங்கே உச்சிப்பொழுது என்றால் அங்கே சாயங்காலத்துக்கு வலை விடக் கிளம்புகிற நேரம்.

“டேய் நைனா, இன்னிக்கு வல வுடப் போவாத.”

“ஏம்மா?”

“நான் படகு ஏறப் போறேன்.”

அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது எனக்கே கேட்டது. “டேய், ஆத்தா கடலுக்குப் போவுதாம்! நாம வூட்ல குந்திக்கினு சோறு ஆக்கலாம் வாங்கடா!” என்று ஒருவன் கத்தினான்.

“அது கப்பலுமா. கப்பலுக்குக் கட்டு கெடையாது,” என்றான் மகன்.

“தண்ணி மேல போறது எல்லாம் ஒண்ணுதான்டா.”

சிரித்தவர்களை அதட்டி அடக்கினான். அப்புறம், “சரி, போவல. நீ ஏறு. எறங்கினதும் சொல்லு,” என்றான்.

“சத்தியமா?”

“சத்தியமாமா.”

அப்படித்தான் என் வாழ்நாளில் முதன்முறையாகப் படகில் கால் வைத்தேன். மோட்டார் சைக்கிளைப் பட்டை போட்டுத் தரையோடு கட்டினார்கள், கன்றுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி. மேல்தட்டுக்குப் போனோம். தண்ணீர் நம் ஊர்த் தண்ணீர் இல்லை, பச்சையும் சாம்பலுமாக இருந்தது. நான் எட்டிப் பார்க்கவே இல்லை. அக்கரையில் இறங்கியதும் மகள் தன் தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்.

அன்றிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. நான் ஏறும் நாளில் அவன் வலை விடக் கூடாது. டென்மார்க்கிலிருந்து ஸ்வீடனுக்கு இன்னொரு கப்பல். ஸ்வீடனில் கப்பல் இல்லை, நாளெல்லாம் மரங்கள்தான். அந்த நாட்களில் நிம்மதியாகத் தூங்கினேன். நார்வே வந்ததும் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து புகுந்து கிடந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை கூடப் படகு ஏற வேண்டியிருந்தது. தண்ணீர் விளக்கு எண்ணெய் மாதிரி அசையாமல் இருக்கும். மலை அதில் தலைகீழாக நிற்கும். மலைமேல் பனி, அந்தப் பனியும் தண்ணீருக்குள். எது மேலே எது கீழே என்று எனக்கு மயங்கிப் போகும்.

அங்கே வெளிச்சம் போகவே இல்லை. சாப்பிட்டுப் படுத்தாலும் ஜன்னலில் சாயங்கால வெயில். விழித்தாலும் அதே வெயில். நேற்று என்றும் இன்று என்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கனவில் என் தம்பி வந்து ஈரத் தலையோடு அந்தத் தொட்டியில் உட்கார்ந்திருந்தான். “நவுரு, நானும் வரேன்,” என்றான். பயமாகவே இல்லை. நகர்ந்து இடம் கொடுத்தேன்.

பயம் வேறு பக்கம் இருந்தது. விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிற மாதங்கள் அவை. சின்னப் படகுக்காரர்களுக்கு மீன் கிடைப்பதே அப்போதுதான். ஒருநாள் சின்னவன் கையிலிருந்து அவன் மச்சான் போனைப் பிடுங்கிப் பேசினான்.

“அத்த, அந்த ஊர சீக்கிரம் சுத்திப் பாத்துட்டு எறங்கு. இங்க சங்கரா மீனு கொட்டுது. பக்கத்துக் குப்பத்துக்காரன் அள்ளிக்கினு போறான். நாங்க காத்து வாங்கிக்கினு கீறோம்.”

வெட்கமாகப் போய்விட்டது. “என்ன இங்கியே வுட்டுட்டு நீ மட்டும் போய் வாடீ. திரும்பி வரச்சொல்ல கூட்டிக்கினு போ,” என்று மகளிடம் சொன்னேன்.

“பஸ் ஸ்டாண்டுல வச்சிட்டுப் போறதுக்கு நீ இன்னா கூடையா?” என்றாள். பிறகு வண்டியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் போய் உட்கார்ந்தேன்.

கடைசியாக ஒரு பெரிய கப்பல். மற்றவை எல்லாம் ஓடையைத் தாண்டின மாதிரி, இதுதான் கடலைத் தாண்டியது. லோஃபோடன் என்கிற தீவுக்குப் போவதாக மகள் சொன்னாள். கரை மறைந்துபோயிற்று. கப்பல் ஏறி இறங்கி ஆடியது. வழக்கம்போலக் காலையிலேயே சின்னவனிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் நடுக்கடலில் மறுபடி கூப்பிடச் சொன்னேன். அவன் முகம் தெரியவில்லை.

“நெட்டு சரியில்லமா, வீடியோ வராது. இன்னா சொல்லு.”

“எங்கடா கீற?”

“வூட்லதாமா.”

அவன் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம். தப், தப் என்று தண்ணீர் மரத்திலோ ஃபைபரிலோ மோதுகிற சத்தம். கரையில் நின்று கேட்கிற அலைச் சத்தம் வேறு. இது உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்பது. ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இத்தனை படகு ஏறிய பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் என் காலுக்குக் கீழேயும் அதே சத்தம்தான்.

பின்னாலிருந்து மச்சான் கத்தினான்: “பேச்ச வுட்டுட்டு கவுத்தப் புடிடா!”

“டிவிமா,” என்றான் மகன்.

என் கை கப்பலின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. திட்டினால் அவன் பதறுவான். பதறுகிறவன் கையில் கயிறு இருக்கக் கூடாது.

“சரி நைனா. பாத்து இரு.”

“வூட்ல இன்னாமா பாத்து இருக்கறது?”

போனை வைத்துவிட்டு அந்தக் கம்பியை விடவே இல்லை. குங்கும முடிச்சை இன்னொரு கையில் வைத்துக்கொண்டேன். அவனும் தண்ணீர்மேல், நானும் தண்ணீர்மேல். மகள் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், ஆறிப்போயிற்று. கடலிலிருந்து பல்வரிசை மாதிரி மலைகள் எழுந்து வந்தன. பறவைகள் எங்களோடு கூடவே வந்தன. அவன் இப்போது வலையின் கல் கட்டின முனையைப் போடுவான், இப்போது வலை இறங்கும், இப்போது திரும்புவான் என்று மனசுக்குள் அவன் படகை நானே ஓட்டிக்கொண்டு போய்க் கரை சேர்த்தேன். எத்தனை தடவை சேர்த்தேனோ.

இறங்கியதும் மகள், “இங்க பாருமா, நம்ம ஊரு மாதிரி!” என்றாள். கரை முழுக்க மரக் கம்புகளில் பெரிய பெரிய மீன்களை வால் கட்டி ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டிருந்தார்கள். கருவாடுதான். உப்பே போடுவதில்லையாம், காற்றிலேயே காய்கிறதாம். வேறு நேரமாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடித்தது.

“எறங்கிட்டியாமா?”

“எறங்கிட்டேன். நீ?”

“நான் எங்க ஏறினேன் எறங்க?”

பின்னால் கரையில் பந்தாடுகிறவர்களின் கூச்சல் கேட்டது. காகம் கத்தியது. அப்போதுதான் கீழே உட்கார்ந்தேன். அந்தக் கருவாட்டு வாடை மூக்கில் ஏறியது. வயிறு பசித்தது.

மச்சான் சலித்துக்கொண்ட நாள் வரைக்கும் உண்மையிலேயே கரையில் இருந்திருப்பான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போயிருப்பான். திரும்பி வருகிற வழியில் ஒவ்வொரு கப்பலிலும், “இன்னிக்கும் போவலமா,” என்றான். “நல்லது நைனா,” என்றேன். ஏறினேன், இறங்கினேன். தண்ணீரை எட்டிப் பார்க்கவும் பழகிவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகு நான் அவன் படகில் கால் வைத்ததில்லை. இங்கே உள்ள கட்டு இங்கே இருக்கட்டும். அவன் படகு அலையைத் தாண்டும்போது மட்டும், அந்தத் தப் தப் சத்தம் இப்போது அவனுக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

எந்தக் கப்பல் முதலில், எது பிறகு, ஊர்ப் பெயர் சரிதானா என்பதையெல்லாம் யாராவது என் மகளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். அந்தக் கடைசிக் கப்பலன்று வலை விட்டானா என்று மட்டும் சின்னவனிடம் கேட்க வேண்டாம். வீட்டில்தான் இருந்தேன் என்று அவன் சொல்வான். அது அப்படியே இருக்கட்டும்.