கதிரையை விட்டு எழும்பும் சொல்

இங்கிலீஷ் கடிதம் எழுதிக் கொடுக்கும் தொழிலில் பெரிய கரைச்சல் இங்கிலீஷ் அல்ல. எந்தச் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்று வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் மனதுக்குள் வைத்திருக்கும் கணக்குத்தான். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று கதிரைகளோடு பன்னிரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். ஒரு நாளும் நான் யாருக்கும் படிப்பித்ததில்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோருக்கும் நான் டீச்சர். மறுத்துப் பார்த்தேன், பலிக்கவில்லை.

உள்ளூர்க் கந்தோர்களுக்கு, அதாவது அரசாங்க அலுவலகங்களுக்கு, தமிழ் போதும். கொழும்புக்கு எழுதும்போதுதான் வில்லங்கம். அங்கே தமிழ் போதாது, இங்கே சிங்களம் போதாது. இரண்டு பக்கமும் சமமாகக் கஷ்டப்படட்டும் என்று இங்கிலீஷில் சந்தித்துக்கொள்கிறோம். நீங்களும் எப்போதாவது அயலவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கப் போய் மாட்டிக்கொண்டவர் என்றால் வாருங்கள், பக்கத்தில் இருங்கள். "தயவுசெய்து கவனமாகப் பாருங்கள்" என்ற ஒரே ஒரு வரியை இங்கிலீஷில் போடுவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

ஒழுங்கைக்குள் போன கிணறு

எருக்கலம்பிட்டி ரமீஸாவுக்கு என் வயதுதான். தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சின்னப் பிள்ளையாக ஊரை விட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகளோடு திரும்பி வந்து வாப்பாவின் வளவில் வீடு கட்டியவர். அந்த வளவில் ஒரு கிணறு இருக்கிறது. அயலில் உள்ள கிணறுகள் எல்லாம் உவர். அது மட்டும் நல்ல தண்ணீர். வளவை அளந்து கொழும்பிலிருந்து அனுப்பிய புதுப் பிளானில் அந்தக் கிணறு வேலிக்கு வெளியே, ஊர் நடக்கிற ஒழுங்கைக்குள் நின்றது. ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போடப் போகிறார்கள் என்று வேறு பேச்சு. போட்டால் கிணற்றை மூடிவிட்டுத்தான் போடுவார்கள். பிளானைத் திருத்தித் தரும்படி கொழும்பு நில அளவைக் கந்தோருக்கு எழுத வந்தார்.

நான் விரலைச் சொடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வெறும் 'ரீட்' என்று போட்டால் பேப்பர் வாசிப்பது போல இருக்கும். 'பெரூஸ்' என்றால் ஆறுதலாக, கவனமாக வாசிப்பது. கோட்டுப் போட்ட சொல். எனவே, இணைத்திருக்கும் பிளானைத் தயவுகூர்ந்து பெரூஸ் செய்யவும் என்று முடித்தேன். மூன்று கிழமையில் பதில் வந்தது: உங்கள் கடிதம் பெரூஸ் செய்யப்பட்டது. என்ன அர்த்தம் என்று ரமீஸா கேட்டார். "நல்ல கவனமா வாசிச்சிருக்கினம்" என்றேன், ஏதோ நானே வாசித்த பெருமையோடு. அவர் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு கேட்டார்: "வாசிச்சிட்டு?"

அந்தோனி அண்ணனின் மரியாதை

பேசாலை அந்தோனி அண்ணன் படகுக்குப் புது எஞ்சின் வாங்கினார். இருபதாவது நாள் அது நடுக்கடலில் படுத்துக்கொண்டது. கொம்பனிக்கு முறைப்பாடு எழுத வந்தார். ரமீஸாவின் கேள்வி அப்போதும் காதில் இருந்ததால், இந்த முறை பெரிய சொல் எதுவும் வேண்டாம் என்று 'ரீட்' போட்டுச் சுருக்கமாக எழுதினேன். அண்ணனுக்கு முகம் கறுத்துப்போனது. அவருடைய சங்கத்தில் முன்பிருந்த செயலாளர் பெரூஸ் இல்லாமல் ஒரு கடிதமும் எழுத மாட்டாராம். 'ரீட்' என்பது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதாம். டை கட்டிய மனுசனுக்கு அப்படி எழுதலாமா?

அரை மணித்தியாலம் வாதாடித் தோற்றேன். ஒரு பக்கக் கடிதத்தில் மூன்று இடத்தில் பெரூஸ் ஏறியது. அண்ணன் மூன்றையும் காட்டச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். இரண்டு கிழமை கழித்து கொம்பனியின் பதிலோடு வந்தார். தபால் கந்தோரில் யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கோபமாக வருவார் என்று பயந்தேன், மனுசனுக்குச் சிரிப்புத்தான். "டீச்சர், பெரூஸெல்லாம் வடிவாப் பண்ணியிருக்கிறாங்கள். எஞ்சின் நம்பரைத்தான் நாங்கள் எழுதேல்லையாம்."

பல்லில் படும் சொல்

இதற்கிடையில் ரமீஸாவின் ஒழுங்கை முனையில் ஒரு லொறி வந்து றோட்டுக்குப் போடும் கிரவல் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது. இனிப் பொறுக்க முடியாது என்று நான் அலுமாரியைத் திறந்து அகராதியையே எடுத்தேன். பெரூஸ் மென்மையான சொல், அதுதான் கந்தோர் அசையவில்லை என்று முடிவு கட்டினேன். இந்த முறை 'ஸ்க்ரூட்டினைஸ்'. துருவித் துருவிப் பார்ப்பது. சொல்லும்போதே பல்லில் படும். பிளானை ஸ்க்ரூட்டினைஸ் செய்து நீதி வழங்கும்படி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதி முடித்து, இரண்டு முறை வாசித்து, நானே ரசித்தேன்.

பதில் சுருக்கமாக வந்தது. பிளான் ஸ்க்ரூட்டினைஸ் செய்யப்பட்டது. பிளானில் பிழை எதுவும் காணப்படவில்லை. தமிழில் சொன்னபோது என் குரல் இறங்கிப்போனது. ரமீஸா கடிதத்தை மடித்தார். அழப்போகிறாரோ என்று நினைத்தேன். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாகக் கேட்டார்: "அப்ப கிணறுதான் பிழையான இடத்தில நிக்குதோ, டீச்சர்?"

ஸ்டெல்லாவின் டிக்

நறுவிலிக்குளம் ஸ்டெல்லா, பட்டம் முடித்த பிள்ளை. ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்கு விண்ணப்பம் போட வந்தாள். முன்பு கிராமச் சங்கத்தில் ஆறு மாதம் வேலை செய்திருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டேன். உதவி பெறுவோர் பட்டியலில் பெயர்களைப் பார்த்து டிக் போட்டாளாம். 'செக்' என்று போட்டால் போதும் என்றாள். எனக்கு மனம் ஆறவில்லை. ரமீஸாவின் கடிதத்தில் வீணாய்ப்போன சொல் கையில் இருந்தது. அதை இங்கே இறக்கினேன். ஸ்டெல்லா பட்டியல்களை ஸ்க்ரூட்டினைஸ் செய்தவள் ஆனாள்.

நேர்முகத்தில் முதல் கேள்வியே அதுதானாம். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பொய் வரவில்லை. வேலை கிடைத்ததும் தொதல் இனிப்புப் பெட்டி ஒன்றோடு கடைக்கு வந்தாள். நான் என் சொல்லின் மகிமை என்று நினைத்துப் பெட்டியை வாங்கினேன். ஸ்டெல்லா சொன்னாள்: "அந்தச் சொல்லு டைப்பிங் கடை டீச்சர் போட்டது, நான் டிக் மட்டும்தான் போட்டனான் எண்டு சொன்னன். உண்மை சொல்ற ஆள்தான் வேணும் எண்டு எடுத்தவை."

மூன்று வரி

அந்தத் தொதல் வாயில் இருக்கும்போதே ரமீஸா வந்தார். கிரவல் குவியல் கிணற்றடிவரை வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை வேலை தொடங்குகிறார்களாம். நான் மறுபடியும் அகராதியை எடுத்தேன். 'எக்ஸாமின்' இருக்கிறது, 'ஸ்டடி' இருக்கிறது, 'ரிவியூ' இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கருத்துச் சொல்லிக்கொண்டே போனேன். ரமீஸா கையை நீட்டி அகராதியை மூடினார். "எல்லாம் இருந்துகொண்டு பாக்கிற சொல்லு. கதிரையை விட்டு எழும்புற சொல்லு ஒண்டும் இங்கிலீசில இல்லையோ?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தது. 'இன்ஸ்பெக்ட்'. நேரில் போய்ப் பார்ப்பது. நான் எழுதிய இரண்டு கடிதத்திலும், யாராவது ஒருவர் வந்து பாருங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அழகாக வாசிக்கச் சொன்னேன். அவர்கள் அழகாக வாசித்தார்கள். பிளானைப் பிளானாகப் பார்த்தால் அதில் என்ன பிழை தெரியும்? உண்மையான கிணறு பிளானில் இல்லையே, எருக்கலம்பிட்டியில் அல்லவா இருக்கிறது. மூன்றே வரி எழுதினேன். வெள்ளிக்கிழமை கிணற்றை மூடப் போகிறார்கள். அதற்கு முன் வந்து இன்ஸ்பெக்ட் செய்யுங்கள். இது ரமீஸாவின் தொலைபேசி இலக்கம். தபாலை நம்பாமல் ஈமெயிலில் அனுப்பினேன். ரமீஸா கடிதத்தைப் பார்த்துச் சந்தேகமாகக் கேட்டார்: "இவ்வளவு சின்னக் கடிதத்துக்கு வருவாங்களோ?"

நல்ல தண்ணீர்

வியாழக்கிழமை வந்தார்கள். ஒரு மாத்தயா, அதாவது சிங்கள அதிகாரி ஐயா ஒருவர், டேப் பிடிக்க இன்னொருவர். மாத்தயாவுக்குத் தமிழ் வராததால் மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப் போனார்கள். மாத்தயா பிளானைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பிறகு கிணற்றுக்கு அந்தப் பக்கம் பற்றைக்குள் இறங்கினார். முள் கிழித்தது; மனுசன் நிற்கவில்லை. பற்றைக்குள் பழைய கிளுவை வேலி இரண்டு வரிசையாக அப்படியே நின்றது. நடுவில் இருந்தது உண்மையான ஒழுங்கை. ஆட்கள் இல்லாத காலத்தில் அது காடாகிவிட்டது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் வெறும் வளவுக்குள்ளால் குறுக்கே நடந்து ஒரு தடம் போட்டுவிட்டார்கள். அளக்க வந்தவர்கள் அந்தத் தடத்தை ஒழுங்கை என்று கீறிக்கொண்டு போயிருக்கிறார்கள். ரமீஸா ஊரில் இல்லாத வருடங்கள் அவருடைய வளவுக்குள்ளாலேயே நடந்து போயிருந்தன. 

மாத்தயா பிளானில் சிவப்புப் பேனையால் கிணற்றை உள்ளே எடுத்துக் கையெழுத்து வைத்தார். கிரவலை அந்தப் பக்கம் தள்ளும்படி கொந்தராத்துக்காரருக்குப் போனில் சொன்னார். ரமீஸா வாளியைப் போட்டுத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார். மாத்தயா இரண்டு கிளாஸ் குடித்தார். பிறகு என்னிடம் இங்கிலீஷில் ஆறுதலாகச் சொன்னார்: முதல் இரண்டு கடிதத்தையும் வாசித்தது அவர்தானாம். நல்ல இங்கிலீஷாம், கந்தோரில் மற்றவர்களுக்கும் காட்டினாராம். கடைசிவரை என்ன கேட்கிறோம் என்பதுதான் விளங்கவில்லையாம்.

ரமீஸா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மொழிபெயர்ப்பது என் தொழில். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தண்ணி நல்லா இருக்காம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு எந்த அகராதியிலும் சொல் இல்லை. "அவ்வளவு நேரம் கதைச்சவர், இவ்வளவுதானோ சொன்னவர்?"

அன்றிலிருந்து கடைக்கு வருகிற எவரிடமும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: கந்தோர்க்காரர் வாசித்தால் போதுமா, வரவும் வேண்டுமா?