ஒரே சட்டையை இரண்டு தடவை எடுத்தவர்

ராதாபுரம் தாலுகா ஆபீஸில் துணை வட்டாட்சியராக இருந்த ஐயம்பெருமாளுக்கு சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழு வரைக்கும்தான் கண்டம். ஆபீஸ் முடிந்து, வள்ளியூரில் பஸ் மாறி, திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும்போது மனசு ஒரு இடத்தில் நிற்காது. பெருமாள்புரத்தில் இருந்த வீட்டுக்குக் கால்மணி நேர நடை. நேரே போனால் மனைவி கோமு காப்பி போட்டு வைத்திருப்பாள். ஆனால் நடுவழியில் உசாமாவின் ரெடிமேட் சட்டைக் கடை இருந்தது. கால் அங்கே தானாகவே திரும்பிவிடும்.

அவருக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. வரும் மாசியில் ஓய்வு. வாழ்க்கையில் பாதிக்கு மேல் வெள்ளைச் சட்டையும் சாம்பல் பேண்டுமாக ஓட்டியவர்தான். கடைசி மூன்று வருஷமாகத்தான் சட்டை எடுக்கும் இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. புதுச் சட்டையில் ஆபீஸ் படியேறினால் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "சார், புதுசா?" என்பார்கள். மனுவோடு வருகிறவர்கள் அவருடைய பேனாவைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்ப்பதில்லை. அந்த "புதுசா?" மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கும். பிறகு வற்றிவிடும்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, இளநீலத்தில் மெல்லிய கோடு போட்ட ஒரு சட்டையை எடுத்து வந்தார். கோமு அடுப்படியில் இருக்கும்போதே பீரோவுக்குள் செருகிவிட வேண்டும் என்று கதவைத் திறந்தால், அடுக்கு சரிந்து நான்கைந்து உறைகள் கீழே விழுந்தன. அதில் ஒன்றில் அதே இளநீலம். அதே கோடு. அதே நாற்பத்திரண்டு அளவு. அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை.

இரண்டையும் கட்டில்மேல் அருகருகே வைத்துப் பார்த்தார். முதல் சட்டையை எடுத்த நாள் அவர் நினைவில் இல்லவே இல்லை.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனார். உசாமா முப்பத்தைந்து வயதுக்காரன், மேலப்பாளையத்துக்காரன், நல்ல வியாபாரி. உறையைக் கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் தயங்கினான்.

"சார், இதே சட்டையைத்தான் சித்திரையில எடுத்துட்டுப் போனிய."

"தெரியுமா உங்களுக்கு? அப்போ நேத்தே சொல்லியிருக்கலாம்லா, பாய்?"

"வேற யாருக்கும் எடுக்குதியளோன்னு நெனச்சேன். அதுவும் போக, நான் வியாபாரில்லா சார்? வேண்டாம்னு எப்படிச் சொல்ல?" என்று சிரித்தான். "சரி, வேற கலர் எடுத்துக்கிடுங்க. இங்கன புதுசா வந்து இறங்கியிருக்கு."

திருப்பிக் கொடுக்கப் போனவர் செங்கல் நிறத்தில் ஒன்றோடு திரும்பி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அவமானம் உறைத்தது. இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது இட்லியைத் தொடவே இல்லை. "என்னங்க, மேலுக்கு முடியலையா?" என்று கோமு கேட்டதற்கு, பஸ்ஸில் கூட்டம் என்று மட்டும் சொன்னார்.

ஆடி அமாவாசைக்கு அவரும் கோமுவும் பாபநாசம் போனார்கள். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருஷா வருஷம் போவதுதான். எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்து, முங்கிக் குளிக்க ஆற்றில் இடுப்பளவு ஆழத்துக்கு இறங்கினார். மூன்றாவது முங்கில் வலது காலை ஏதோ சுற்றியது. பாம்பு என்று நினைத்து உதறினார், அது இறுகியது. குனிந்து பிடித்து இழுத்தால், ஒரு முழுக்கைச் சட்டை. கட்டம் போட்டது, ஊறிப் பாசி பிடித்து, கை இரண்டும் அவருடைய கணுக்காலைக் கட்டிக்கொண்டிருந்தன. அதைப் பிரித்தால் அதற்கு அடியில் ஒரு சேலை, அதற்கும் அடியில் ஒரு வேட்டி. காலுக்குக் கீழே இருந்தது மணலே இல்லை. துணி.

அடித்துப் பிடித்துக் கரையேறினார். படித்துறை ஓரத்தில் சிலர் கொக்கி போட்டுத் துணிகளை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். குவியல் ஆள் உயரத்துக்கு இருந்தது. அவர் அதையே வெறித்தபடி ஈர வேட்டியைப் பிழிந்தார். போன வருஷம் தோஷம் கழியும் என்று யாரோ சொல்ல, உடுத்தியிருந்த வேட்டியையும் சட்டையையும் ஆற்றோடு விட்டவர்தான் அவரும். அதற்கு முந்தின வருஷமும்.

பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணாச்சி, ஈரத்துணிய ஏன் பிழியுதிய? ஆத்துல விட்டுட்டுப் போங்க. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது" என்றார்.

"விட்டா அது எங்க போவுது? இங்கனதான கெடக்கு" என்று ஐயம்பெருமாள் சத்தமாகவே சொல்லிவிட்டார். அந்த மனிதர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். ஈர வேட்டியைப் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அம்பாசமுத்திரம் தாண்டியதும் கோமுவிடம் எல்லாவற்றையும் சொன்னார். இளநீலச் சட்டை, செங்கல் நிறச் சட்டை, எல்லாம்.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் கோமு. "பீரோவைத் தொடைக்குதது யாரு? நீங்களா? குடிச்சுட்டு வாரவுகளை எல்லாம் நெனச்சு, இது சட்டைதானேன்னு விட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீரோவிலும் கட்டிலுக்கடியிலும் இருந்தது அத்தனையையும் ஹாலில் கொட்டினார்கள். தொண்ணூற்று நான்கு சட்டைகள். முப்பத்தொன்று இன்னும் உறைக்குள்ளேயே இருந்தன. கோமு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

"இது?"

"வச்சுக்கிடுவோம்."

"எப்பம் போட்டிய?"

"போடலை. ஆனா நல்ல துணி."

"யாருக்குக் காட்டப் போறிய, இதைப் போட்டுட்டு? மாசிக்குப் பெறவு ஆபீஸ் உண்டுமா?"

அவளுக்குக் குத்திக்காட்டும் எண்ணமே இல்லை. ஆனாலும் அவர் எழுந்து பின்கட்டுக்குப் போய், கிணற்றடியில் காரணமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் சட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். கழுத்து இறுக்கியவை, அக்குளில் பிடித்தவை, கண்ணாடியில் பார்த்ததும் யாரோ போல இருந்தவை எல்லாம் ஒரு பக்கம் போயின. சாயங்காலத்துக்குள் அவருக்கென்று இருபத்திரண்டு மிஞ்சின. பாதிக்கு மேல் பழைய வெள்ளைகள்தாம்.

கழித்ததைக் கொடுப்பது கழிப்பதைவிடச் சிரமமாக இருந்தது. ஆபீஸ் உதவியாளர் சத்தியநேசனுக்கும் ஏறத்தாழ அவருடைய உடம்புதான். உடுத்திய சட்டைகளில் நல்லதாக ஆறு எடுத்துப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். சத்தியநேசன் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"தப்பா நெனைக்கப்பிடாது ஐயா. நீங்க போட்ட சட்டைய நான் போட்டுட்டு இதே ஆபீஸுக்கு வந்தா, டவாலிப் பட்டை போட்டவன் ஐயா சட்டையையும் போட்டுட்டான்னு கேலி பேசுவானுவ. புதுசு இருந்தா குடுங்க, மாட்டேன்னு சொல்லல."

ஐயம்பெருமாளுக்கு முகம் சுண்டியது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னது நியாயம். மறுநாள் உறை பிரிக்காத இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சத்தியநேசன் கையால் தடவிப் பார்த்து, ஒன்று மருமகனுக்கு என்றார்.

பாளையங்கோட்டையில் ஒரு முதியோர் இல்லத்தில் போய், சட்டை வேண்டுமா என்று கேட்டார். அங்கே பொறுப்பில் இருந்த ஃபஹ்மிதா என்ற பெண் சுற்றிவளைக்காமல் சொன்னாள்: "சார், முழுக்கை வேண்டாம். கையில டிரிப்ஸ் போடணும், சோறு ஊட்டணும், எல்லாத்துக்கும் இடைஞ்சல். அரைக்கையா, பட்டன் பெருசா இருந்தா கொண்டாங்க. பெருசுகளுக்குச் சின்னப் பட்டன் போடக் கை வராது."

அவர் ஒரு தையல்காரரைப் பிடித்து, நாற்பது சட்டைகளின் கையை வெட்டி, பட்டன் மாற்ற ஏற்பாடு செய்தார். தையல்காரர் வாரத்துக்கு எட்டுதான் முடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவரே எடுத்துக்கொண்டு போனார். செங்கல் நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், பட்டனையே மேலும் கீழும் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தார்.

பீரோ காலியாயிற்றே தவிர சாயங்காலத்து அந்த அரைமணி நேரம் காலியாகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கினால் உசாமா கடை விளக்கு தூரத்திலேயே தெரியும். முதல் மாதம் சுற்றுவழியாக, தெருநாய்களுக்குப் பயந்துகொண்டு நடந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் தாங்க முடியாமல் உள்ளே போய்விட்டார். உசாமா ஐந்தாறு விரித்துப் போட்டான். ஐயம்பெருமாள் ஒன்றை உள்புறமாகத் திருப்பித் தையலைப் பார்த்தார். காலரை மடக்கிப் பார்த்தார். துவைத்தால் சுருங்குமா என்று கேட்டார்.

"சார் இதெல்லாம் முன்னாடி கேட்டதே இல்லியே" என்றான் உசாமா.

"நாளைக்குச் சொல்லுதேன், பாய்."

மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் சட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது. ஃபைலில் தேதியைத் தப்பாகப் போட்டு, அடித்துத் திருத்தினார். அந்தத் தீபாவளிக்குப் பழைய வெள்ளையைத்தான் மஞ்சள் வைத்து உடுத்தினார். கோமு மட்டும் தனக்கு ஒரு நூல் சேலை எடுத்துக்கொண்டாள். "எனக்கு எதுக்குப் பட்டினி? நான் ரெண்டு தடவை எடுக்கலியே" என்றாள்.

மாசியில் பிரிவு உபசார விழா நடந்தது. சால்வை வேண்டாம் என்று இரண்டு வாரமாகச் சொல்லி வைத்திருந்தார். யார் கேட்டார்கள்? பதினாறு சால்வைகள், ஏழு பேண்ட்-சட்டைத் துணிகள். ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது கோமு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையின் வாடையில் தலை வலித்தது.

மறுநாள் காலை ஏழரைக்கெல்லாம் குளித்து, சட்டை மாட்டி, வாட்ச் கட்டி, வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். கோமு கோலப்பொடிக் கையோடு நிமிர்ந்தாள்.

"எங்க கெளம்பியாச்சு?"

"தெரியல. கால் நிக்க மாட்டேங்கு."

அவள் கையைத் தட்டிவிட்டு உள்ளே போய், ஒரு பை நிறையச் சால்வைகளைத் திணித்துக்கொண்டு வந்தாள். "இத அந்த இல்லத்துல கொண்டுபோய்க் குடுங்க. குளிருக்குப் போத்திக்கிடுவாங்க. பஸ் வேண்டாம், மெதுவா நடந்தே போங்க. வரும்போது கத்திரிக்காய் வாங்கிட்டு வாங்க."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். தெருமுனையில் ஒரு கணம் நின்று, எந்தப் பக்கம் போக என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இல்லத்துப் பக்கம் வேகமாக நடந்தார், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டவரைப் போல.